பொறிகள் பொருதும் துறை

சான்பிரான்சிஸ்கோ நகரின் வடகரையிலே போட் மேசன் என்னும் பழைய படைத்துறை ஒன்று உண்டு. அதன் மேடையில் நின்று மேற்கே நோக்கின், 1937ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கோல்டன் கேற் பாலம் செந்நிறங் காட்டி நிற்கும். வடக்கே நோக்கின், 1963ஆம் ஆண்டுவரை கொடுஞ்சிறையாயிருந்த அல்கற்றாஸ் தீவு அலைகளின் நடுவே தோன்றும். நடுக்கோடையிலும் மாலையானதும் கடலிலிருந்து குளிர்மூடுபனி வந்து கரையை மூடிவிடுவதுண்டு. கோடைதானே என்று மெல்லிய உடையுடன் வந்த பிரயாணிகள் நடுங்கிக்கொண்டு திரும்புவதை அங்கே அடிக்கடி காணலாம்.

கடலுக்குள் நீண்டு கிடக்கும் இறங்குதுறைகளும் அவற்றின்மேல் அமைந்த நெடுங்கொட்டகைகளுமே இவ்விடத்தின் அடையாளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பசிபிக் போர்முனைக்குச் சென்ற 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரரை, இத்துறையும் இதன் ஆணைக்குட்பட்ட அயற்றுறைகளும் கப்பலேற்றி அனுப்பின. மீளாதார் பலர். போர் ஓய்ந்து காலம் மாறியபின், 1972ஆம் ஆண்டிலே இப்பகுதி தேசியப் பொழுதுபோக்கு நிலமாக்கப்பட்டது. 1977 முதல் கொட்டகைகள் ஓவியத்துக்கும் நாடகத்துக்கும் கண்காட்சிகளுக்கும் உரிய கலைநிலையமாயின.

இத்தகைய கொட்டகையிலேதான் 1994ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வேறொரு போர் அரங்கேறிற்று. பொருதியவை பொறிகள், பார்த்தவர்கள் பணங்கொடுத்துச் சீட்டு வாங்கிய பொதுமக்கள். ‘ரோபோ வோர்ஸ்’ என்று பெயர்பெற்ற அக்காட்சியை அமைத்தவர் மார்க் தோப் என்னும் வடிவமைப்பாளர். அவர் முன்னரே, தொலைவிலிருந்து வானொலி அலையால் இயக்கும் விளையாட்டுத் தாங்கியொன்றின்மேல் தூசுறிஞ்சியைப் பொருத்தி, வீடு கூட்டும் பொறியொன்று செய்ய முயன்றார். வீடு துப்புரவாகவில்லை. ஆனால், இவ்வாறான வண்டிகள் ஒன்றோடொன்று மோதினால் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அவருள்ளத்தில் முளைத்தது. கூட்டுமாற்றின் வேலையிலிருந்து ஒரு போர்க்கலை பிறந்ததை எண்ணுந்தோறும் நமக்கு நகைப்பு உண்டாகின்றது.

ரோபோ என்றவுடன் கையுங் காலும் முகமுங் கொண்ட இரும்பு மனிதனை வாசகர்கள் எண்ணக்கூடும். பொருதுகளத்துப் பொறிகளுட் பெரும்பாலானவை அவ்வாறல்ல. அவை சில்லுகளின்மேல் ஊரும் தட்டையான பெட்டிகள். ஒன்று ஆப்புப்போன்ற முகத்தை எதிரியின் அடியிலே செலுத்திக் கவிழ்க்கும். ஒன்று சம்மட்டியால் அடிக்கும். இன்னொன்று கனத்த தகட்டைச் சுழற்றி வெட்டும். பொறியின் வலிமை இரும்பில் இருப்பினும், அதனை நடத்தும் அறிவு, களத்துக்கு வெளியே கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையிலேந்தி நிற்கும் மனிதனிடத்தே உள்ளது.

முதலாண்டிலே ‘சிம்சிற்றி’ என்ற கணினி விளையாட்டை ஆக்கிப் புகழ்பெற்ற வில் றைற் தம் மகளுடன் பங்குபற்றினார். 1996ஆம் ஆண்டிலே லிசா வின்ரர் என்னும் பள்ளிச் சிறுமி தன் தந்தையாருடன் வந்தாள். பின்னாளில் அவள் களமிறக்கிய பொறியொன்றின் மேல்மூடி, குழந்தைகளின் மணல்விளையாட்டுத் தொட்டிக்குரிய வண்டுவடிவ மூடியேயாகும்! அச்சிறுமி வளர்ந்து, 2018க்குப் பின் இத்தகைய போட்டிகளின் நடுவர்களுள் ஒருவரானார். ஒரு கண்காட்சி ஒரு பிள்ளையின் வாழ்வை எவ்வளவு தூரம் செலுத்தக்கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

எனினும், காட்சியில் ஆபத்தும் உடனுறைந்தது. 1995ஆம் ஆண்டிலே ஜேமி ஹைனமன் என்பார் ‘பிளெண்டோ’ என்ற பொறியைக் கொணர்ந்தார். அதன் ஓடு, நம் அடுக்களைகளிற் காணும் தாச்சியைப் போன்ற சீனத்துச் சட்டி. அதனைக் கவிழ்த்து, வெட்டுவாய்களைப் பொருத்தி, புல்வெட்டி இயந்திரத்தின் எஞ்சினாலே சுழற்றினார். எதிர்த்த பொறிகளின் துண்டுகள் தடுப்பைத் தாண்டி வெளியே பறந்தன. போட்டியை நடத்தியோர் அஞ்சி, அதற்குரிய சிறப்பை அளித்து, மேலும் பொருதாது விலக்கினர்.

அந்தத் தாச்சி கற்பித்த பாடம் பௌதிக வகுப்பில் நாம் கற்பிப்பதேயாகும். சுழலும் பொருளின் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். வேகம் இரு மடங்கானாற் சக்தி நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கரும்பலகையில் இதனை எழுதும்போது கொட்டாவி விடும் மாணவன், இரும்புத் துண்டு பறக்கக் கண்டால் விழித்துக்கொள்வான். நிமிர்ந்து சுழலும் தகட்டையுடைய பொறி விரைந்து திரும்பும்போது அதன் ஒரு பக்கம் நிலத்தை விட்டு எழுவதும் உண்டு. சுழலும் பம்பரம் தன் அச்சைத் திருப்பவிடாது முரணுகின்ற அதே இயல்புதான் அது. ஆகவே, பார்வையாளருக்கும் களத்துக்கும் இடையே ஒளி ஊடுருவும் தடித்த பொலிகாபனேற்றுச் சுவர் வேண்டுமென்பது பின்வந்தோர் யாவரும் ஏற்ற விதியாயிற்று.

போட் மேசன் போட்டிகள் 1997ஆம் ஆண்டுடன் வழக்குகளிற் சிக்கி ஓய்ந்தன. அங்கே பொறியோட்டிய திறே றொஸ்கி, கிறெக் மன்சன் ஆகிய இருவரும் 1999ஆம் ஆண்டிலே தென் கலிபோர்ணியாவின் லோங் பீச்சில் ‘பற்றில்பொற்ஸ்’ என்னும் புதிய போட்டியைத் தொடங்கினர். அது தொலைக்காட்சிக்குச் சென்று, 2000 முதல் 2002 வரை அமெரிக்க இல்லந்தோறும் நுழைந்தது. இங்கிலாந்திலே ‘ரோபோ வோர்ஸ்’ 1998ஆம் ஆண்டிலிருந்து பிபிசியிலே காட்டப்பட்டது.

அந்நாளைய பற்றில்பொற்ஸ் போட்டிகள் பல நிகழ்ந்த இடம், சான்பிரான்சிஸ்கோக் குடாவின் நடுவேயுள்ள திறெஷர் ஐலண்ட் என்பது குறிக்கத்தக்கது. அத்தீவு இயற்கையானதன்று; 1939ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காகக் கடலிலே மண்ணிட்டு ஆக்கப்பட்டது. கண்காட்சிக்குப்பின் கடற்படை கைக்கொண்டு 1997வரை வைத்திருந்தது. 2015ஆம் ஆண்டிலே பற்றில்பொற்ஸ் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தபோது களம் அமைந்தது குடாவின் வடபாலுள்ள மெயார் ஐலண்டிலே. அதுவும் 1854இல் நிறுவப்பட்டு 1996இல் மூடப்பட்ட கடற்படைக் கப்பற்றளம். ஆட்களை ஏற்றிய துறையும், கடற்படை குடியிருந்த தீவும், போர்க்கப்பல் கட்டிய தளமும் பொம்மைப் போருக்கு இடங்கொடுத்தன. பெரிய கொட்டகைகள் வெறுமையாய்க் கிடந்தமையே இதற்குக் காரணமெனலாம். ஆயினும், உயிர் போகும் போருக்கென எழுந்த இடங்களிலே ஆணியும் தகடும் மாத்திரம் உடையும் போர் நடப்பது நம் மனத்துக்கு ஆறுதல் தருகின்றது.

2002இல் அமெரிக்காவிலும் 2004இல் இங்கிலாந்திலும் தொலைக்காட்சியின் விளக்கு அணைந்தது. பலர் இக்கலை மாய்ந்ததென்றே எண்ணியிருப்பர். அது மாயவில்லை. சிற்றூர் மண்டபங்களிலும் கல்லூரிக் கூடங்களிலும் சந்தைத் திடல்களிலும் ஆர்வலர் தாமே களம் அமைத்துப் பொதுமக்களை அழைத்தனர். 2004ஆம் ஆண்டிலே சான்பிரான்சிஸ்கோவில் டேவிட் கால்கின்ஸ் தொடங்கிய போட்டி, பின்னர் ‘ரோபோகேம்ஸ்’ என்ற பெயரோடு சில ஆண்டுகள் அதே போட் மேசனில் நடந்தது. பொருதும் பொறிகளோடு, சுமோ மல்லரைப்போல் ஒன்றையொன்று வட்டத்தினின்று தள்ளும் பொறிகளும், மெழுகுதிரிச் சுடரைத் தேடி அணைக்கும் பொறிகளும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டன. அடிதடி காணவந்த பிள்ளை சுடரணைக்கும் பொறியின்முன் நின்றுவிடவும் அங்கே வாய்ப்பிருந்தது.

இவ்விடத்திலே நாம் சொல்ல விரும்பும் செய்தி ஒன்று உண்டு. களத்திலே தகடு மோதித் தீப்பொறி சிதறும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்த ஆர்ப்பரிப்பு பார்வையாளரைச் சேர்க்கும். பொறி செய்வோரைச் சேர்ப்பதோ களத்துக்குப் பின்னாலுள்ள பணிமேசை. தோற்ற பொறி அங்கே திறந்து கிடக்கும். வளைந்த அச்சும் கருகிய கம்பியும் பல்லிழந்த சக்கரமும் வெளிப்படையாய்த் தெரியும். அடுத்த சுற்றுக்குச் சிறிதே நேரமிருக்க, அதற்குரியவர் வியர்த்து விறுவிறுத்துத் திருகாணி முடுக்குவார். சற்றுமுன் அடித்துடைத்த எதிரியே தன் பெட்டியிலிருந்து மோட்டரொன்றை எடுத்து நீட்டுவதும் அம்மேசைகளில் வழக்கம். அருகே நிற்கும் சிறுவன், “ஐயா, இது ஏன் எரிந்தது?” என்று கேட்டு விடை பெறுவானாயின், அன்றே அவன் பாதி மாணாக்கன்.

தொலைக்காட்சி பெரும்பாலும் அடியைக் காட்டிப் பழுதுபார்த்தலைச் சில கணங்களுள் அடக்கிவிடும். மேசையை மக்களுக்குத் திறந்துவைக்கும் சிறு கண்காட்சி அதனை முழுமையாகக் காட்டும். இரண்டாண்டு ஒளிபரப்பு செய்யாத தொண்டைச் சிறு மண்டபங்கள் செய்தமைக்கு இதுவே காரணமென்பது நம் கருத்து. அறிவை ஒளிக்காமையும் அதற்குத் துணைநின்றது. ரோபோகேம்ஸுக்கு வந்து பொருதிய பிறேசில் நாட்டு ‘றியோபொற்ஸ்’ பல்கலைக்கழக அணியினர், தாம் கற்றவற்றை நூலாக்கி, 2009இலே ஆங்கிலத்திலும் வெளியிட்டு, எவரும் விலையின்றிப் பெறச் செய்தனர்.

“பிள்ளைகளுக்கு அடித்துடைக்கவா கற்பிப்பது?” என்று தாய்மார் கேட்பின் அக்கேள்வி நியாயமானதே. பொறிகளின் பெயர்களிற் பல அச்சமூட்டுவன. கூட்டத்தின் கூச்சலும் மென்மையானதன்று. அதனை நாம் மறைக்கவில்லை. ஆயினும், உடையும் என்றறிந்தே ஒன்றைச் செய்து, அது உடைந்தபின் அழாது குந்தியிருந்து திருத்தும் பழக்கம் எத்தனை வகுப்பறைகளிலே கிடைக்கின்றது? பரீட்சையிலே ஒருமுறை தவறிய பிள்ளை தலைகவிழ்ந்து நிற்கின்றது. பணிமேசையிலே தோல்வி என்பது அடுத்து மாற்றவேண்டிய பாகத்தின் பெயர்.

செலவை நினைந்து அஞ்சவும் வேண்டியதில்லை. நூறு கிலோவுக்கு மேற்பட்ட பெரும்பொறிகள் செல்வருக்கும் நிறுவனத் துணையுடையோருக்குமே ஏற்றவை. இங்கிலாந்திலே ‘எறும்பு நிறை’ என்னும் வகுப்பு உண்டு. பொறி 150 கிராமுக்கு மேற்படாது, நான்கங்குலக் கனசதுரப் பெட்டிக்குள் அடங்கவேண்டும். அமெரிக்காவில் ஓர் இறாத்தல், மூன்று இறாத்தல் வகுப்புகள் உள. இவற்றுக்கு ஒரு மேசையளவான களமே போதும். நூல்நிலையத்தின் மூலையிலும் பாடசாலை மண்டபத்திலும் அமைக்கலாம்.

காட்சி வைப்போர் மூன்று காரியங்களை மறவாதிருத்தல் நன்று. முதலாவது, களம் எவ்வளவு சிறிதாயினும் நாற்புறமும் மேலும் மூடப்பட்டிருத்தல் வேண்டும்; 150 கிராமேயாயினும் சுழலும் தகடு கண்ணைக் கெடுக்கும். இரண்டாவது, வானொலித் தொடர்பு அறுந்தவுடன் பொறி தானே நிற்கும்படி அமைத்து, ஆயுதத்தைப் பூட்டிய பின்னரே களத்துக்கு வெளியே கையாளல் வேண்டும். லிதியம் மின்கலம் நசுங்கினால் தீப்பற்றுமாதலால் மணலும் தீயணைப்பானும் அருகிருத்தல் வேண்டும். மூன்றாவது, பணிமேசையைத் திரையிட்டு மறைத்தலாகாது. பாதுகாப்பான எல்லைக்கு வெளியே பிள்ளைகள் நின்று பார்க்கவும் கேட்கவும் இடமளித்தல் வேண்டும். முதலிரண்டும் இல்லாத காட்சி ஆபத்து. மூன்றாவதில்லாத காட்சி வெறும் வேடிக்கை.

போட் மேசனின் கொட்டகைகள் இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றன. அங்கே செல்லும் குடும்பத்தினர் பாலத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்புவது இயல்பு. சற்றே நின்று, அந்நெடிய கூரைகளையும் பார்த்து வருவார்களாக. ஒரு காலத்திலே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் போருக்கனுப்பிய கூரைகள் அவை. பின்னொரு காலத்திலே தந்தையும் மகளும் ஒரே மேசையில் குனிந்து, உடைந்த பொறியொன்றைத் திருத்தியதும் அத்தகைய கூரையின் கீழேதான்.