இரண்டு காமிராக்களும் ஒரு பங்குனி மாலையும்

2010 பங்குனியில், அறுபத்துமூவர் அன்று, மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பாட்டி வீட்டு வாசலில் நானும் மைத்துனனும் ஆளுக்கொரு காமிராவுடன் நின்றிருந்தோம். அவனிடம் புத்தம்புதிய நிக்கான் டி3000. என்னிடம் யாரோ சில வருடங்கள் ஆண்டு அனுபவித்து விற்றுவிட்ட டி200. இரண்டுக்கும் நாங்கள் கொடுத்த விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே யார் ஏமாந்தவர் என்கிற சச்சரவு வீட்டில் பல நாட்களாக நடந்துகொண்டிருந்தது.

விவரப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் அவன் கட்சிதான் வலுவானது. 2005இல் வெளியான டி200க்கும் 2009இல் வந்த டி3000க்கும் ஒரே 10.2 மெகாபிக்சல், இரண்டிலுமே சிசிடி உணரி. என்னுடையது பாட்டரி இல்லாமலே 830 கிராம், அவனுடையது 485. போதாக்குறைக்கு, எப்படிப் படம் எடுப்பதென்று திரையிலேயே கற்றுத்தரும் வசதியும் அதில் உண்டு. "செங்கல்லைத் தூக்கிட்டு அலையறீங்களே மாமா" என்பான்.

நான் செங்கல்லை வாங்கியதற்குக் காரணம் அப்பா. பிலிம் நாட்களில் அவர் வாங்கிய 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்று அலமாரியில் கிடந்தது. அந்த வகை லென்ஸைக் குவியப்படுத்தும் மோட்டார் காமிராவின் உடலுக்குள் இருக்க வேண்டும். டி200இல் இருக்கிறது; செலவைக் குறைப்பதற்காக ஆரம்பநிலைக் காமிராக்களில் அதை எடுத்துவிட்டார்கள். கையால் திருகிக் குவியப்படுத்தலாமே என்று கேட்கலாம். அங்கேதான் வ்யூஃபைண்டர் குறுக்கே வருகிறது. டி200இல் கண்ணாடிப் பட்டகம், 0.94 உருப்பெருக்கம். டி3000இல் ஆடிகளைச் சேர்த்துச் செய்த அமைப்பு, 0.8. எண்ணில் அற்ப வித்தியாசம்தான். கண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்று ஜன்னல், மற்றது சாவித்துவாரம். (மைத்துனன் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

அவனுடைய காமிராவோடு வந்த 18-55 லென்ஸ், 55இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 என்பது அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி. அதிலுள்ள நடுக்கத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். பல்லக்கு தூக்கிகளின் குலுங்கலைத் தடுக்காது. வெயில் இருந்தவரை இருவர் படங்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பொழுது சாய்ந்து, நாயன்மார்களின் பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத்தொடங்கியபோது அவன் படங்கள் கலங்கின. எனக்கோ தீபாராதனையின் மஞ்சள், ஐம்பொன் முகங்களின் மீது அப்படியே வந்து விழுந்தது. வாழ்வில் அவ்வளவு கர்வத்துடன் நான் எதையும் செய்ததில்லை.

அப்போது என் பாட்டரி தீர்ந்தது. காமிராவோடு கைமாறி வந்த பழைய பாட்டரி. உபரியாக ஒன்று வாங்கி வைக்காதது என் சோம்பல்.

அடுத்த சில நிமிடங்களில்தான் பாட்டி வந்தார். இரண்டு மாதமாகப் படுக்கையை விட்டு இறங்காதவர், சுவரைப் பிடித்துக்கொண்டு தாமாகவே நடந்து வந்து, நிலைப்படியில் நின்று, தெருவைப் பார்த்துக் கைகூப்பினார். முகத்தில் எதிர்ச்சாரியின் விளக்கொளி பட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் லென்ஸுக்கென்றே அமைந்த வெளிச்சம். நான் செத்த காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைத்துனன் எடுத்தான். ஆட்டோவில் வைத்திருந்ததால் ஃப்ளாஷ் தானாக எழும்பி வெட்டியது. பாட்டியின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, பின்னால் கூடம் முழுக்க இருட்டாக, கூப்பிய கைகளின் நிழல் ரவிக்கையில் விழுந்து... ஒரு புகைப்படமாக அதில் எல்லாமே தவறு.

அந்த ஆடியில் பாட்டி போனார். பத்திரிகைக்கும் பதின்மூன்றாம் நாள் மாலை போடுவதற்கும் படம் தேடினோம். என்னிடம் இருந்தவையெல்லாம் நாயன்மார்கள். அவன் எடுத்ததைத்தான் தியாகராய நகரில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கினோம். முகத்தின் வெளுப்பைக் கொஞ்சம் தணிக்க முடியுமா என்று நான் கேட்டேன். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.