தரையேறிய படகில் ஒரு குடும்பம்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மாலை வேளையில் காலிக் கோட்டை மதிலில் நின்று கடலைப் பார்த்திருக்கிறீர்களா? சில நாட்களில் கிழக்கிலிருந்து ஒரு சிறிய பாய்மரப் படகு தனியே வந்து துறைமுகத்தினுள் நுழையும். அதில் பெரும்பாலும் கணவன், மனைவி என இருவர்தான் இருப்பர். வீட்டை விற்றுவிட்டோ வாடகைக்குக் கொடுத்துவிட்டோ, படகையே வீடாக்கிக்கொண்டு நாடு நாடாகச் செல்பவர்கள். சிறு வயது முதல் அவர்களைக் காணும்போதெல்லாம், "இவர்களுக்கு என்ன கவலை!" என்று எண்ணிக்கொள்வேன். உங்களில் பலரும் அப்படித்தான் எண்ணியிருப்பீர்கள். அந்த எண்ணம் 2016 டிசம்பரில் மலேசியாவின் லங்காவித் தீவில் வைத்து மாறிப்போயிற்று.

எனது சகோதரியின் மகன் அப்போது லங்காவியின் குவா நகரில், ஹோட்டல் ஒன்றில் கணக்குவேலை பார்த்து வந்தார். விடுமுறையில் அவரிடம் சென்றிருந்தேன். லங்காவி, தாய்லாந்து எல்லையை அண்டிய தீவு. நமது காலியைப் போலவே ஏறத்தாழ 6 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே பாய் விரித்தால் சுமார் 1,200 கடல் மைல் தூரத்தில் நம் நாடு. 1987 முதல் அது தீர்வையற்ற தீவாக இருப்பதால், படகுக்கு வேண்டிய உதிரிப்பாகங்களை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது எளிது. பெரும் புயல்களும் அங்கே அரிது. ஆகவேதான் உலகஞ் சுற்றும் படகுக்காரர்கள் பலர் திருத்த வேலைக்கென அங்கே ஒதுங்குகிறார்கள்.

ஒருநாள் மருமகன், "மாமா, தரையில் நிற்கும் கப்பல்களைக் காட்டுகிறேன், வாருங்கள்" என்று அழைத்தார். லங்காவிக்கு அருகே ரெபாக் என்னும் சிறு தீவு உண்டு. 2004 சுனாமி அங்கிருந்த படகுத்துறையையும் விட்டுவைக்கவில்லை. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. சிறு வள்ளமொன்றில் போய் இறங்கினோம். அங்கே நான் கண்ட காட்சியைச் சற்று மனக்கண்முன் கொண்டுவாருங்கள். பற்றைக்காட்டை அடுத்த ஒரு வெளி. அதிலே பாய்மரங்கள் வானை நோக்கி நிற்க, படகுகள் வரிசையாகத் தரையில் நிற்கின்றன. சக்கரம் பூட்டிய பெரும் தூக்கியொன்று, இரண்டு அகலப் பட்டைகளில் படகைத் தொட்டில்போல ஏந்தி நீரிலிருந்து எடுத்து வருகிறது. பிறகு அடிக்கட்டை மரத்துண்டுகளின் மீது நிற்க, இரு பக்கமும் இரும்புத் தாங்கிகள் முட்டுக்கொடுக்கின்றன.

அந்தப் படகுகளுள் ஒன்றிலிருந்து ஒரு மூதாட்டி எட்டிப் பார்த்துக் கையசைத்தார். மருமகனுக்கு அறிமுகமான நியூசிலாந்துத் தம்பதியர். அவர் முன்பு தாதியாக இருந்தவர். கணவர் பாடசாலையில் மரவேலை கற்பித்தவர். நானும் ஆசிரியன் என்று அறிந்ததும், மேலே வந்து தேநீர் அருந்தும்படி அழைத்தார்கள். பன்னிரண்டு படி ஏணி. கீழே பார்க்காமல் ஏறி முடித்தேன். "இதில் நாளொன்றுக்கு முப்பது தடவை ஏறி இறங்குகிறோம்" என்று அந்த அம்மையார் சிரித்தார்.

தரையேறிய படகில் குடித்தனம் நடத்துவது எப்படியென்று நீங்கள் கேட்கலாம். படகினுள் குசினி உண்டு. ஆனால் கழுவுந் தொட்டியின் நீர் நேரே தரையில் கொட்டும். ஆகவே அதற்கொரு குழாய் மாட்டி, வாளியில் பிடித்துக் கீழே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். மலசலகூடத்தைப் பயன்படுத்த முடியாது. நள்ளிரவில் மழை பெய்தாலும் ஏணியால் இறங்கிப் பொதுக் கழிவறைக்கு நடக்க வேண்டும். அவர்களது குளிர்சாதனப் பெட்டி கடல் நீரால் சூடு தணிந்து இயங்கும் வகை; தரையில் அது வெறும் அலுமாரி. நீரில் மிதக்கையில் கடல் படகின் அடிப்பாகத்தைக் குளிர்விக்கும். தரையில் அந்தச் சுகமும் இல்லை. பக்கத்துப் படகைத் தேய்க்கும் தூசி தலையணை வரை வந்து படியும். எறும்புகள் தாங்கிகள் வழியே ஏறி வரும். அதற்காகத் தாங்கியின் ஒவ்வொரு காலையும் சுற்றி மருந்துத் தூள் போட்டிருந்தார்கள்.

மூன்று வாரத்தில் வேலை முடியுமென்றுதான் படகைத் தரையேற்றினார்களாம். அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, செம்பு கலந்த புதிய வர்ணம் பூசுவது மட்டுமே திட்டம். ஜனவரியில் வாடைக்காற்றைப் பிடித்துக் காலிக்கு வருவதாக இருந்தார்கள். மார்ச் வரை அந்தக் காற்று மேற்கே தள்ளிவிடும். பிறகு காற்றுத் திரும்பிவிடும். தவறினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

படகு காய்ந்த இரண்டாம் நாள், சுக்கானின் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பழுப்பு நிறக் கறையொன்று வழிந்திருந்தது. அவ்வளவுதான். கணவர் அதைத் துடைத்துவிட்டு, பசை வைத்து அடைத்து, மேலே வர்ணம் பூசிவிடலாம் என்றார். அம்மையார் இணங்கவில்லை. மூன்று நாட்கள் இருவருக்கும் சரியான பேச்சில்லையாம். எங்கள் முன்னிலையிலேயே இதைச் சொன்னார்கள்.

அந்தச் சிறு கறைக்கு ஏன் இத்தனை அச்சம்? சுக்கானின் உள்ளே துருப்பிடிக்காத உருக்கினாலான ஒரு தண்டு உண்டு. அதில் தகடுகளை ஒட்டவைத்து, சுற்றிலும் பைபர் ஓடு அமைத்திருப்பார்கள். நாளடைவில் தண்டு நுழையும் இடுக்கால் நீர் கசிந்து உள்ளே தங்கிவிடும். துருப்பிடிக்காத உருக்கைக் காப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய படலம். காற்றிலுள்ள ஒட்சிசன் படும்வரைதான் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். காற்றுப் படாத தேங்கிய உப்பு நீரில் அந்தப் படலம் அழிந்து, உருக்கில் துளை விழும். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே அரித்துக்கொண்டே போகும். நடுக்கடலில் தகடு கழன்றுவிட்டால், தண்டு மட்டும் சுழலும், சுக்கான் திரும்பாது. பாய் இருந்தும், இயந்திரம் இருந்தும், படகைத் திசை திருப்ப முடியாது.

நாலாம் நாள் கணவரே வாளை எடுத்து ஓட்டை அறுத்தார். உள்ளே இருந்து கறுத்த நீர் வடிந்தது. மூன்று தகடுகளில் ஒன்று முற்றாக விட்டிருந்தது; இன்னொன்று கையால் அசைத்ததும் கழன்று வந்தது. "பத்து நாள் கடற்பயணத்துக்கு அந்த ஒரே தகட்டை நம்பிப் புறப்பட இருந்தேன்" என்று அவர் சொன்னபோது மனைவியைப் பார்க்கவில்லை. அந்த இரும்புத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் ஐந்து மாதமாயிற்று என்று பின்னர் மருமகன் எழுதியிருந்தார். புதிய தண்டு கடைய வேண்டும், தகடுகள் ஒட்ட வேண்டும், ஓடு அமைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். 90 நாள் தங்கும் அனுமதி முடிந்ததும், குவாவிலிருந்து தாய்லாந்தின் சத்துனுக்குப் படகேறிப் போய்த் திரும்பி வந்தார்களாம். காற்றுக் காலம் கடந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் அங்கே தனித்திருக்கவில்லை. ஒருவர் தேய்க்கும் இயந்திரத்தை இரவல் தந்தார். அம்மையார் இன்னொருவரின் வெட்டுக் காயத்துக்கு மருந்து கட்டினார். மலாய்த் தொழிலாளி ஒருவர் மாலை தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாராம்.

நான் ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலையைச் சொல்லட்டுமா? எங்கள் வகுப்பறைக் கூரையின் வளையொன்றில் கறையான் தடம் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அதைத் துடைத்து வர்ணம் பூசி வந்தவன் நானேதான். தச்சரை அழைத்து உளியால் குத்திப் பார்க்கச் சொன்னேன். உளி பிடி வரை இறங்கிவிட்டது. அதன் கீழே நாற்பது பிள்ளைகள் அமர்ந்து பாடம் படித்து வந்தார்கள். வளையை மாற்றும் வரை ஒரு மாதம் மரத்தடியில் பாடம் நடத்தினோம். சில பெற்றோர் முறைப்பட்டார்கள். பழைய வளையைக் காட்டினேன், பேசாமல் போய்விட்டார்கள்.

2018 பெப்ரவரியில் அந்தத் தம்பதியர் காலிக்கு வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்தில் போய்க் கண்டேன். இம்முறை ஏணியில்லை, படகு தண்ணீரில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குசினிக்கு மேலே, கழன்று வந்த அந்தத் தகட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் அம்மையார். ஏனென்று நான் கேட்கவில்லை. கணவர் தேநீரை என்னிடம் நீட்டி, "ஒரு வருடம் பிந்திவிட்டது, மன்னிக்க வேண்டும்" என்றார்.

வாசகர்களே, கோட்டை மதிலில் நின்று அடுத்த படகைக் காணும்போது, அது வந்த கடலை மட்டும் எண்ணாதீர்கள். அது ஏதோ ஓர் ஊரில் தரையில் நின்ற மாதங்களையும் எண்ணுங்கள். வீடு சென்றதும், நீங்கள் வர்ணம் பூசி மறைத்து வைத்திருக்கும் கறை ஏதேனும் உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.