எத்தனை கோல்?

தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவனுக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. மாடி ஏறினால் படியை எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுவேன். 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்து குவிந்த சுங்கை வே ஃப்ரீ டிரேட் ஸோனில், ஒரு தொழிற்சாலையின் கியூசி பிரிவில்தான் என் காலம் போனது. லைனில் வரும் சர்க்யூட் போர்டுகளில் எது தேறும், எது ரிஜெக்ட் என்று பார்க்கிற வேலை. காலைக் கூட்டத்தில் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து அவுட்புட் எவ்வளவு?" என்பதுதான். புரொடக்‌ஷன் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார்கள். வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார்கூட வராத மாதத்தில் எங்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புகார் வந்தால் மட்டும் ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்கும். இந்தப் புலம்பலை இரவுச் சாப்பாட்டில் ரசத்தோடு சேர்த்து என் மனைவி வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். பையனும் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அடித்த கூத்தைக் கேட்டுவிட்டு, "பாவம், அவருக்கு விவரம் தெரியாமல் இருந்திருக்கும்" என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது.

எங்கள் வீட்டிலிருந்து சன்வே பிரமிட் காரில் கொஞ்ச நேரம்தான். ஈயம் தோண்டிய பள்ளங்கள் கிடந்த வட்டாரத்தில் எழும்பிய பேரங்காடி அது. 1997இல் திறந்தபோது உள்ளேயே ஒரு ஐஸ் ரிங்க்கும் வைத்தார்கள். யாரோ ஒரு கூட்டாளியின் பிறந்தநாளுக்கு அங்கே போன என் மகன், சுவரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, ஈர ஜீன்ஸோடு வீடு திரும்பி, இனி ஐஸ் ஹாக்கிதான் என்றான். விஷயம் கேள்விப்பட்டு என் அக்கா கிள்ளானிலிருந்து போன் போட்டுச் சிரித்தாள். "நம்ம ஊரு வெயிலுக்கு ஐஸ் கச்சாங் சாப்பிடலாம். ஐஸ்ல ஹாக்கி யாருடா ஆடுறாங்க?"

ஆடுகிறார்கள். மலேசியா 2006இலேயே அனைத்துலக ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்துவிட்டது. 2017இல் கோலாலம்பூரில் சீ விளையாட்டுப் போட்டி நடந்தபோது முதன்முறையாக ஐஸ் ஹாக்கியையும் சேர்த்தார்கள். டாமன்சாரா எம்பயர் சிட்டியில் ஆட்டங்கள். தங்கம் வாங்கியது பிலிப்பைன்ஸ். அங்கேயும் பனி பெய்வது கிடையாது.

பயிற்சியாளர் என் மகனைப் பின்னால் நிறுத்தினார். முன்னோக்கி எல்லாப் பிள்ளைகளும் சறுக்குவார்கள். எதிரே வருகிறவனைப் பார்த்தபடி, வேகம் குறையாமல் பின்னோக்கிச் சறுக்குவது சிலருக்குத்தான் வரும். இவனுக்கு வந்தது. கோல் கீப்பர் போக ஐந்து பேர் ஆடுவார்கள். அதில் இரண்டு பேர் தடுப்பாட்டக்காரர்கள். நாற்பது, ஐம்பது வினாடி மூச்சு முட்ட ஆடிவிட்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த ஜோடி உள்ளே குதிக்கும்.

நான் பள்ளிக் காலத்தில் புல்தரையில் சென்டர் ஃபார்வர்ட். பின்னால் நிற்பவன் என்றால் ஓட முடியாதவன் என்பது எங்கள் கூட்டத்தின் முடிவு. "பரவாயில்லடா, கொஞ்ச நாள்ல முன்னுக்குப் போட்டுருவாங்க" என்று அவனுக்கு ஆறுதல் சொன்னேன். அவன் ஆறுதல் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அவன் அறைச் சுவரில் இரண்டு படங்கள். ஒன்று சுவீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். 1989இல் வட அமெரிக்க என்எச்எல் லீக்கின் ஆள் தேர்வில் டெட்ராய்ட் அணி மூன்றாவது சுற்றில், 53ஆவது ஆளாக எடுத்த பையன். 20 சீசன் அதே அணியில் ஆடி 2012இல் ஓய்வு பெற்றார். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை ஏழு முறை வாங்கியவர். அதைவிட அதிகம் வாங்கியவர் பாபி ஓர் ஒருவர்தான், எட்டு முறை. மகன் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் நான் கேட்டேன், "எத்தனை கோல் போட்டிருக்காரு?"

"264."

"எத்தனை ஆட்டத்துல?"

"1,564."

மனக்கணக்குப் போட்டேன். "ஆறு ஆட்டத்துக்கு ஒண்ணு. இதுக்கா ஏழு விருது?"

இன்னொரு படம் ஸ்லோவாக்கியாவின் ஸ்டெனோ ஹாரா. 2.06 மீட்டர் உயரம், அப்பா மல்யுத்த வீரர். 2019 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில், எதிராளி அடித்த பக், அதாவது ரப்பர் வட்டு, ஹாராவின் தாடையில் பட்டு எலும்பு உடைந்தது. ஐந்தாவது ஆட்டத்துக்கு முகம் முழுக்கக் கவசம் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மகன் கண் விரிய அதைச் சொன்னான்.

"கடைசியில ஜெயிச்சாங்களா?"

"இல்லப்பா. ஏழாவது ஆட்டத்துல தோத்துட்டாங்க."

"அப்புறம் எதுக்குடா?"

பழைய டயரி ஒன்றில் கோடு போட்டு அவன் ஆட்டங்களை எழுதி வந்தேன். தேதி, எதிரணி, அவன் போட்ட கோல் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் பூஜ்யம். அவன் அதைப் பார்த்துவிட்டுப் போவான், ஒன்றும் சொல்ல மாட்டான்.

ஒரு போட்டியின் கடைசி பீரியட். சமநிலை. எதிரணிப் பையன்கள் இரண்டு பேர் பக்கோடு பாய்ந்து வருகிறார்கள். தடுக்க என் மகன் ஒருவன்தான். அவனுடைய ஜோடி முன்னால் போய் மாட்டிக்கொண்டான். பக் வலது பக்கத்துப் பையனிடம். என் மகன் அவனிடம் போகவில்லை. பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இருவருக்கும் நடுவில் வந்து, ஸ்டிக்கை ஐஸில் நீட்டி, இடது பக்கத்துப் பையனுக்குப் போகும் வழியை அடைத்தான்.

"அவன்கிட்டப் போடா! போடா!" கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நான் கத்தியது மொத்த ரிங்க்குக்கும் கேட்டிருக்கும். வலது பக்கத்துப் பையன் தானே அடித்தான். கோல் கீப்பரின் கையுறைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது.

எல்டிபி நெடுஞ்சாலை டோல் வரிசையில் கார் நின்றபோது ஆரம்பித்தேன். "பக்கை வெச்சிருந்தவன ஏன்டா விட்டே?"

"அப்பா, ரெண்டு பேரு வந்தா அப்படித்தான் ஆடணும். அடிக்கிறவன் கோல் கீப்பரோட ஆளு. பாஸ் வாங்கப் போறவன்தான் என் ஆளு."

"சாக்கு சொல்லாத."

அவன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டான். வழக்கமாக நிறுத்தும் மாமாக் கடையில் அன்று நிறுத்தவில்லை.

அடுத்த போட்டியிலும் இரண்டு பேர் வந்தார்கள். இந்த முறை நான் கத்தவில்லை. கத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. என் மகன் பக் வைத்திருந்தவனை நோக்கி நேரே பாய்ந்தான். அந்தப் பையன் சாவகாசமாகக் குறுக்கே தள்ளிவிட்டான். கோல் கீப்பர் இந்த ஓரத்தில், பக் அந்த ஓரத்தில், நடுவில் திறந்து கிடந்த கோல். இடைவேளையில் பயிற்சியாளர் ஏதோ கேட்டார். அவன் தலையைக் குனிந்து நின்றான். "எங்கப்பா சொன்னாரு" என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயிற்சியாளர் என்னைத் தேடி வந்திருப்பார்.

அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். பேத்தியைப் பயிற்சிக்கு அழைத்து வரும் பெரியவர். கிள்ளானில் ஆசிரியராக இருந்தவர். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, கையில் இஞ்சித் தேநீர் ஃபிளாஸ்க். என் பக்கத்தில் உட்கார்ந்து மூடியில் எனக்கும் ஊற்றினார்.

"அன்னைக்குக் கத்தினது நீங்கதானே தம்பி?"

நான் சிரித்து மழுப்பினேன்.

"75 ஹாக்கி உலகக் கோப்பை செமி ஃபைனல் தெரியுமா?"

தெரியாமல் என்ன? என் அப்பா சாகிற வரைக்கும் புலம்பிய ஆட்டம். கோலாலம்பூரில், நம் சொந்த மண்ணில், இந்தியாவை எதிர்த்து 2-1 என்று மலேசியா முன்னால் நிற்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான். இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கார்னர். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடித்த அடியில் சமன். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று போட, 3-2. இந்தியா இறுதிக்குப் போய்க் கோப்பையை வாங்கியது. நமக்கு நான்காவது இடம்.

"அஸ்லம் ஷேர் கான் எந்த இடத்துல ஆடுறவரு, சொல்லுங்க."

"ஃபார்வர்டா?"

"ஃபுல் பேக். நானும் ஃபுல் பேக்குதான், அதான் கேக்குறேன். இத்தனை வருஷமா அவரப் பத்திப் பேசுறதெல்லாம் அந்த ஒரு கோலத்தான். அவரு தடுத்ததுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்." என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "இந்த பீரியட் முழுக்கப் பக்கைப் பாக்காதீங்க. உங்க பையன மட்டும் பாருங்க."

எளிது என்று நினைத்தேன். பக்கைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. கூட்டம் ஒரு பக்கம் "ஓ" என்று கத்தும். கண் அங்கே ஓடும். மறுபடி இழுத்து வந்து அவன் மேல் வைப்பேன். கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. அவன் எதிராளியின் ஸ்டிக்கைப் பார்க்கவே இல்லை, நெஞ்சைப் பார்த்தான். ஸ்டிக் ஏமாற்றும், நெஞ்சு போகிற பக்கம்தான் ஆள் போவான். வருகிறவனுக்கும் தனக்கும் இடையே ஒரு ஸ்டிக் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டு, அந்த இடைவெளி கூடாமலும் குறையாமலும் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தான். மெல்ல மெல்ல அந்தப் பையன் ஓரத் தடுப்புப் பக்கம் ஒதுங்கினான். யாரும் அவனை இடிக்கவில்லை, பக்கைப் பிடுங்கவுமில்லை. போக வழி இல்லாமல் தானே திரும்பிப் போனான். இன்னொருவன் வந்தான். அவனும் திரும்பினான். மூலைக்குப் போன பக்கை எடுக்க ஓடும்போது என் மகன் இரண்டு தோளுக்கு மேலும் மாறி மாறிப் பின்னால் பார்த்தான். யார் எங்கே நிற்கிறார்கள் என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொண்டான். யாரும் கைதட்டவில்லை. தட்டுவதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. இந்த வாக்கியத்தை நான் எங்கோ கேட்டிருந்தேன். கேட்டது மட்டுமில்லை, சொன்னதே நான்தான். "ஒண்ணும் நடக்கலன்னா நான் வேலை செஞ்சிருக்கேன்னு அர்த்தம், அது அந்த மனுஷனுக்குப் புரியுதா?" என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் குரலில், மேனேஜரைத் திட்டிச் சொன்ன வாக்கியம். எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவனிடம் அடுத்த நிமிடமே நான் கேட்ட கேள்வி, "இன்னிக்கு எத்தனை கோல்?"

எங்கோ கோல் விழுந்திருக்க வேண்டும். பலகையில் எண் மாறியிருந்தது. யார் போட்டது என்று பெரியவரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது.

அன்று காரில், "நல்லா ஆடினேடா" என்றேன்.

"கோல் போடலையேப்பா" என்றான்.

குத்திக் காட்டவில்லை. என் கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதிலைக் கொடுத்துப் பழகியிருந்தான், அவ்வளவுதான். அன்று பேச வேண்டியதைப் பேசியிருக்கலாம். டோல் வந்தது, கார்டைத் தேடினேன், வீடு வந்துவிட்டது.

அந்த சீசன் முடிந்ததும் விட்டுவிட்டான். எஸ்பிஎம் தேர்வு வருகிறது என்றான். அந்த வயதில் விளையாட்டை விடும் பிள்ளைகள் எல்லாரும் சொல்வதுதானே என்று நானும் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது. ரொம்ப நாள் கழித்து என் மனைவி சொன்னாள். முன்னால் போட்டுப் பாருங்கள் என்று பயிற்சியாளரிடம் அவனே கெஞ்சியிருக்கிறான். அவர் வேண்டாம் என்றிருக்கிறார். மறுபடி மறுபடி கேட்டதும் போட்டிருக்கிறார். அங்கே அவன் எடுபடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தான். அதற்குள் அவனுடைய பழைய இடத்தில் வேறொரு பையன் ஊன்றிவிட்டான். "உங்களுக்கு ஒரு கோல் போட்டுக் காட்டணும்னு நெனச்சான்" என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவள் திட்டவில்லை.

ஸ்கேட்டை யாரோ ஒரு சின்னப் பையனுக்கு அவனே கொடுத்துவிட்டான். எனக்குச் சொல்லவில்லை. ஹாரா 2022இல் ஓய்வு பெற்றார். மொத்தம் 1,680 ஆட்டங்கள். என்எச்எல்லில் எந்தத் தடுப்பாட்டக்காரரும் அத்தனை ஆடியதில்லை. செய்தியைப் படித்ததும் மகனுக்கு அனுப்பினேன். கட்டை விரல் படம் ஒன்று திரும்பி வந்தது. அவர் போட்ட கோல்கள் 209. அந்த எண்ணை நான் தேடிப் பார்த்தேன் என்பதை அவனுக்குச் சொல்லவில்லை.

இப்போது அவன் சைபர்ஜெயாவில் வேலை பார்க்கிறான். வார இறுதியில் ஆபீஸ் ஆட்களோடு ஃபுட்சால் ஆடுகிறான். எந்த இடம் என்று கேட்டேன். பின்னால்தான் என்றான். போன வாரம் ஆட்டம் முடித்து, மூச்சு வாங்க, அம்மாவிடம் பேச அழைத்தான். போனை நான் எடுத்தேன். நாக்கு நுனியில் பழைய கேள்வி வந்து நின்றது. விழுங்கிவிட்டு, பெருமையோடு புதிதாக ஒன்று கேட்டேன்.

"இன்னிக்கு எத்தனை பேரத் தடுத்தே?"

அந்தப் பக்கம் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஐயோ அப்பா, அதையும் எண்ண ஆரம்பிச்சிட்டீங்களா?"