கன்ஃபிகர் கேட்கும் லைஃப் சர்டிபிகேட்

லினக்ஸில் மென்பொருள் சமைத்த சோறாகவும் கிடைக்கும், அரிசியாகவும் கிடைக்கும். அரிசியாக வாங்கினால் உலை வைப்பதற்கு முன் 'கன்ஃபிகர்' என்று ஒன்றை ஓட்டவேண்டும். விறகு உண்டா, பானை உண்டா என்று வீடு முழுக்கத் துழாவிப் பார்ப்பதுதான் அதன் வேலை.

உங்களில் சிலர் கொடுத்த பிரெஞ்சுக் காலத்துத் தட்டச்சுப் பத்திரங்களைப் படிக்க டெசராக்ட்டை நானே கட்டிக்கொள்கிறேன். (கையெழுத்துப் பத்திரம் அதற்குச் சரிப்படாது.) அதற்கு முன் லெப்டோனிக்கா என்ற இன்னொன்றையும் கட்டவேண்டும். இரண்டும் தனித்தனியே அதே கேள்விகளைக் கேட்கும். 'ஸ்ட்ரிங்.ஹெச்' இருக்கிறதா? 1989-லேயே சி மொழியின் தரத்தில் சேர்ந்துவிட்ட கோப்பு ஐயா அது! ஆளே எதிரில் நின்றாலும் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கேட்பார்களே, அந்தக் கதைதான். பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் 'செர்த்திஃபிக்கா த வீ' என்று அலுத்துக்கொள்வதும் இதைத்தான்.

பல கேள்விகளுக்குக் கன்ஃபிகர் ஒரு குட்டி நிரல் எழுதி, கம்பைலரிடம் கொடுத்துப் பார்த்து, அழித்துவிடும். அதுவும் ஒன்று முடிந்தபிறகே அடுத்தது. பிறகு வரும் 'மேக்' வேலையை நாலு கோர்களுக்குப் பங்கிடலாம். கன்ஃபிகர் ஒற்றை ஆளாகத்தான் நடக்கும். புதுக் கணினி வாங்கச் சொல்கிறார்கள். பென்ஷனில் அது முடிகிற காரியமா?

வழி இருக்கிறது. கன்ஃபிகர் கட்டளைக்குப் பின் ஒரு சிறு கோடும் ஆங்கிலப் பெரிய 'சி' எழுத்தும் சேர்த்தால், பதில்களை 'கன்ஃபிக்.கேஷ்' என்ற கோப்பில் எழுதிவைக்கும். முதல் தடவை லாபம் இல்லை. பிறகு, ஓப்பன்எம்பி வேண்டாம் என்பதுபோல் எதையாவது மாற்றி அதே ஃபோல்டரில் மறுபடி ஓட்டினால், 'கேஷ்டு' என்று சொல்லிக்கொண்டு வரிகள் விறுவிறுவென்று ஓடும்.

இவ்வளவு நல்ல வசதியை ஏன் தானாகவே இயங்கும்படி வைக்கவில்லை? பழைய பதில் தெரியாமல் புகுந்துவிடும் என்ற பயம்தான். நேற்று இல்லாத நூலகத்தை இன்று நிறுவியிருப்போம். சீட்டில் 'இல்லை' என்றே இருக்கும். கன்ஃபிகரும் அதை நம்பி, அந்த வசதியை விட்டுவிட்டே கட்டும். எச்சரிக்கைகூட வராது. ஆபீசில் பழைய நோட்டிங்கை அப்படியே நகலெடுத்து மேலே அனுப்பியவர்களுக்கு இது புரியும்.

அதனால் கம்பைலரோ நூலகமோ மாறிய நாளில் முதலில் அந்தக் கோப்பை அழிக்கிறேன். லெப்டோனிக்காவின் சீட்டை டெசராக்ட்டுக்குக் கொடுப்பதும் இல்லை. அன்றைக்கு மட்டும் கன்ஃபிகர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கட்டும். நான் போய்க் காபி போட்டுக்கொள்கிறேன்.