புரட்டாசிக்கு முன் நாலு டயர்

செப்டம்பர் 16, 2023, சனி. எடிசன், நியூ ஜெர்சி.

ஆயில் மாற்றக் கொடுத்திருந்த கேம்ரியை எடுத்து வந்தேன். டயர் பட்டன் 3/32 அங்குலம்தான் மிச்சம் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். சட்டப்படி 2/32 வரை ஓட்டலாம். தேங்கிய மழைத் தண்ணீரில் வேகமாகப் போனால் 3/32 டயர் தண்ணீர் மேலேயே வழுக்கும். அம்மா புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் பிட்ஸ்பர்க் பெருமாளைச் சேவித்தே ஆக வேண்டும் என்கிறாள். ஐந்தரை, ஆறு மணி நேரப் பயணம், பாதி மலைப்பாதை. அவளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. புது டயர் போடாமல் கிளம்பப் போவதில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு.

இங்கே எல்லோரும் போடுவது ஆல் சீசன் டூரிங் டயர். வெயில், மழை, கொஞ்சம் பனி எல்லாவற்றுக்கும் ஒரே டயர், கூடவே சொகுசு. கடைக்காரர்கள் சொகுசையும் ஸ்டியரிங் பிடிப்பையும் தராசின் இரண்டு தட்டு மாதிரி பேசுகிறார்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்குமாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மச்சானிடமும் ஆபீஸ் நண்பர் ஒருவரிடமும் இதே 2015 கேம்ரி, இதே 215/55 ஆர் 17 அளவு. டயர் மட்டும் வேறு வேறு. அடுத்த சனிக்கிழமை இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 20, புதன்.

டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். தேய்மான எண் 800 என்றால் அரசின் ஒப்பீட்டு டயரை விட எட்டு மடங்கு உழைக்கும் என்று கணக்கு. ஒப்பீட்டு டயருக்கு 100. டெக்சஸில் சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றி 400 மைல் பாதையில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, மிச்சத்தைக் கணக்குப் போட்டு இந்த எண்ணைத் தருகிறார்கள். பிடிப்புக்கான எழுத்து, ஈரத் தரையில் நேர்கோட்டில் பிரேக் போட்டுப் பார்த்துத் தருவது. வளைவில் எப்படி நிற்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. சொகுசுக்கு எந்த எண்ணுமே கிடையாது. அதை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 23, சனி.

ஒஃபீலியா புயலின் மழை விடாமல் பெய்கிறது. சோதிக்க இதை விட நல்ல நாள் கிடைக்காது. இரண்டு காரிலும் காற்றைக் கதவோரச் சீட்டில் உள்ளபடி 35-க்கு வைத்தேன். காற்று சமமாக இல்லாமல் டயரை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அம்மா பின் சீட்டில். ரூட் 1-இல் ஒரு சுற்று, பிறகு குண்டும் குழியுமான உள் சாலை. நண்பரின் கார் முதலில். குழியில் இறங்கியபோது சத்தமே பெரிதாக இல்லை, பஞ்சு மாதிரி வாங்கிக்கொண்டது. மச்சான் காரில் அதே குழி கொஞ்சம் உறைத்தது. கடையில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பவர் முதல் காரைத்தான் தேர்ந்தெடுப்பார்.

அம்மா சொன்னது வேறு. "அது திம்முன்னு வாங்குது, ஆனா அதுக்கப்புறம் ஆடிக்கிட்டே இருக்குப்பா. இது தட்டுன்னு அடிச்சு அத்தோட நின்னுடுது."

ஓட்டியவனுக்கும் அதுதான் தெரிந்தது. நண்பரின் டயரில் பட்டன் ஆழம், கட்டைகள் சின்னவை, ஒவ்வொன்றிலும் நிறைய மெல்லிய வெட்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் அந்தக் கட்டைகள் வளைகின்றன, அப்புறம் மெத்தென்ற பக்கச் சுவர் வளைகிறது, அதற்குப் பிறகுதான் கார் திரும்புகிறது. நேர்ச் சாலையில்கூட விரல்கள் இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருந்தன. ஆறு மணி நேரம் அப்படித் திருத்தினால் ஓட்டுபவனுக்குத் தோள் கழன்றுவிடும். ஒவ்வொரு திருத்தமும் பின் சீட்டில் இருப்பவரின் இடுப்புக்கும் ஓர் அசைவு.

மச்சான் போட்டிருப்பது பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்ஸா குவயட்டிராக். பேருக்கேற்ற அமைதி. ஈரச் சாலை வளைவில் ஸ்டியரிங்கை ஒரு முறை வைத்தால் வைத்த இடத்தில் நின்றது.

நெடும்பயணத்தில் அசையாமல் போவதுதான் சொகுசு. பிடிப்பு நன்றாக இருந்தால்தான் அந்தச் சொகுசே வரும்.

செப்டம்பர் 26, செவ்வாய்.

மிஷலின் கிராஸ்கிளைமேட் 2 போடச் சொல்லி மச்சான். ஆங்கில வி வடிவப் பட்டன், மலையும் பனிச்செதிலும் சேர்ந்த முத்திரை. பனிச் சோதனையில் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. பஃபலோவில் இருந்தால் யோசிக்காமல் வாங்குவேன். பனி கொட்டும் நாளில் நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். வாரன்டியும் 60,000 மைல்தான், குவயட்டிராக்குக்கு 80,000. குவயட்டிராக் என்று முடிவு.

செப்டம்பர் 30, சனி.

நாலும் மாட்டியாயிற்று. மாட்டும் முன் குனிந்து தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன்: 3123, அதாவது 2023-இன் 31-ஆவது வாரம். நல்ல புதுச் சரக்கு. கடையில் காற்றை 40-க்கு அடித்திருந்தார்கள். அப்படியே ஓட்டியிருந்தால் டயர் கல்லாக இருக்கிறது என்று டயரையே குறை சொல்லத் தோன்றும். 35-க்கு இறக்கினேன். பாலன்சிங்கோடு அலைன்மென்டும் பார்க்கச் சொன்னேன். முன் சக்கரங்கள் கொஞ்சம் உள்நோக்கியிருந்தன. அதைச் சரி செய்யாவிட்டால் எந்த உயர்ந்த டயரும் ஓரம் தேய்ந்து ஊளையிட ஆரம்பித்துவிடும்.

அக்டோபர் 7, சனி. பிட்ஸ்பர்க்.

விடியுமுன் கிளம்பினோம், மழையோடு. கார்லைல் தாண்டி டர்ன்பைக் பிடித்ததும் மலை. புளூ மவுன்டன், கிட்டடின்னி என்று அடுத்தடுத்து இரண்டு சுரங்கம், பிறகு டஸ்கரோரா, கடைசியில் அலெகெனி. சுரங்கத்துக்குள் காய்ந்த தரை, வெளியே வந்ததும் சட்டென்று ஈரம். அந்த மாற்றத்தில் ஸ்டியரிங் கையில் எதுவுமே தெரியவில்லை. ஒரு லாரி வாரியடித்த தண்ணீரைத் தாண்டும்போதும் கார் கோட்டைவிட்டு நகரவில்லை. பாலங்களின் இணைப்பில் மட்டும் தட், தட். அம்மா டஸ்கரோராவுக்கு முன்பே தூங்கிவிட்டாள்.

பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலில் நல்ல கூட்டம். அம்மா காரிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள்.

அக்டோபர் 10, செவ்வாய்.

காலையில் குளிர். காற்று 33 காட்டியது. பத்து ஃபாரன்ஹீட் இறங்கினால் சுமார் ஒரு பவுண்டு இறங்கும். மறுபடி 35 வைத்தேன். ஆபீஸ் நண்பர் தன் டயரையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார். பட்டன் முக்கால்வாசி இருக்கிறது, தேயத் தேயக் கட்டைகளின் ஆட்டம் தானாகக் குறையும். முதலில் காற்றும் அலைன்மென்டும் பாருங்கள் என்றேன். வியாழக்கிழமை வண்டியைக் கொண்டு வருகிறார்.