இருண்ட பகலில் ஏற்றிய விளக்கு

உலகம் முடியப் போகிறது என்னும் செய்தி மனிதனுக்குப் புதியதன்று. அதனைக் கேட்டு நடுங்கியோர் உண்டு, நகைத்தோர் உண்டு, நாளைக் கணித்துக் கூறி ஏமாந்தோரும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பாரைப் பின்பற்றியோர், 1844ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாளில் கிறிஸ்து மீண்டும் வருவார் என்று காத்திருந்தனர். மறுநாளும் கதிரவன் வழக்கம்போல் எழுந்தான். அவர்களது ஏக்கத்தை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால், முடிவை எதிர்நோக்கும் ஒருவன் இன்றைய பொழுதை எவ்வாறு வாழ்வது என்னும் வினா நகைப்புக்குரியதன்று.

இவ்வினாவுக்கு விவிலியமே விடை தருகிறது. மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரம் கதிரவன் இருளடைவதைப் பற்றிப் பேசுகிறது. ஆயினும், அந்த நாளையும் நாழிகையையும் மாந்தர் எவரும் அறியார் என்றும் உறுதியாகச் சொல்கிறது. அதன் இறுதியில் வருவது ஒரு வேலைக்காரனைப் பற்றிய உவமை. தலைவன் திரும்பும் வேளையில், வீட்டாருக்கு உரிய நேரத்தில் உணவளித்துக் கொண்டிருப்பவனே பேறு பெற்றவனாம். வானத்தை அண்ணாந்து நோக்கி நிற்பவனை விட, அகப்பையைக் கையில் ஏந்தி நிற்பவனே விழித்திருப்பவன். தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகமும், அந்த நாள் வந்துவிட்டதென்று கலங்க வேண்டா என்கிறது; உழைக்காமல் திரிவோரைக் கண்டிக்கவும் செய்கிறது.

இக்கருத்துக்கு வரலாற்றில் நான் கண்ட சிறந்த விளக்கம் 1780ஆம் ஆண்டு மே 19ஆம் நாளில் நிகழ்ந்தது. அன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நண்பகலிலேயே இருள் சூழ்ந்தது. பறவைகள் கூடடைந்தன, இறுதித் தீர்ப்பு நாள் வந்ததென்று மக்கள் அஞ்சினர். ஹார்ட்ஃபோர்டில் கூடியிருந்த கனெக்டிகட் சட்டமன்றத்தின் கீழவை கலைந்தது. மேலவையும் கலையலாம் என்றபோது, ஆபிரகாம் டேவன்போர்ட் என்னும் உறுப்பினர் மறுத்தார். தீர்ப்பு நாள் வரவில்லையெனில் கலைய வேண்டியதில்லை. வந்துவிட்டதெனில், கடமையாற்றும் நிலையிலேயே தாம் காணப்பட விரும்புவதாகக் கூறி, மெழுகுவர்த்திகளைக் கொண்டுவரச் சொன்னார். காட்டுத் தீயின் புகையே அவ்விருளுக்குக் காரணம் என்பது, கனடாவின் ஒண்டாரியோ மரங்களில் இருந்த தீத்தழும்புகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது தெளிவாயிற்று. அவரோ அதனை அறிந்திருக்கவில்லை. காரணம் தெரியாத இருளிலும் அவருக்குக் கடமை தெரிந்திருந்தது.

புகை இருளை நாமும் அறிவோம். 1997ஆம் ஆண்டு சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளின் புகை மலேசியாவை மூடியது. செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. அப்போது நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த இளம் ஆசிரியன். "உலகம் அழியப் போகிறதா, ஐயா?" என்று வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். டேவன்போர்ட்டின் கதையைச் சொன்னேன். பின்னர் அன்றைய வாய்பாட்டைத் தொடர்ந்தோம்.

இன்று வேறொரு முடிவைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். தோட்ட மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தமையால், நான் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியில் மாணவர் தொகை ஆண்டுதோறும் குறைகிறது. மூடப்போகும் பள்ளிக்கு நூலகம் எதற்கு என்று நண்பர் ஒருவர் வினவினார். பள்ளி மூடப்படுமா, என்று மூடப்படும் என்பனவற்றை நான் அறியேன். வருகைப் பதிவேட்டில் இன்று யார் யார் பெயர் உள்ளது என்பதை அறிவேன். அப்பிள்ளைகளுக்கு உரிய வேளையில் உரிய உணவு கிடைத்தாக வேண்டும். நூலகத்திற்குப் புதிய அலமாரி வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை நான்காம் ஆண்டு மாணவர்கள் அதில் நூல்களை அடுக்குவார்கள்.