கேட்டுப் போடுவது

ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இனி வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். இந்த அழுத்தத்தோடு அதையும் விழுங்கினால் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வாய்ப்பு அதிகமாம். "காப்பர் டி போட்டுக்கலாமே" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அப்பத்தாவின் ஞாபகம்தான்.

மொச்சை உரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். "ஜீப்பு வந்துச்சு தாயி. பொம்பளைகளை ஏத்திக்கிட்டுப் போயி லூப்பு போட்டு விட்டாக. அப்பறம் எனக்கு ரத்தம் நிக்கவே இல்ல. யாருகிட்டப் போயிச் சொல்ல?" 1965இல் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் லூப்பைச் சேர்த்தது. ஜாக் லிப்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வடிவமைத்த, கருப்பைக்குள் வைக்கும் நெளிநெளியான பிளாஸ்டிக். ரத்தப்போக்கு கூடலாம் என்று முன்கூட்டிச் சொல்லவோ, போட்ட பிறகு வந்து பார்க்கவோ ஆளில்லாத ஊர்களில் வதந்திதான் பேசியது. லூப்பு நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று அப்பத்தா கடைசிவரை நம்பினாள். சில வருடங்களிலேயே லூப்பின் பெயர் கெட்டது; திட்டத்தின் பார்வை கருத்தடை அறுவைச் சிகிச்சைப் பக்கம் திரும்பியது.

அந்த அறுவையின் காலம்தான் அம்மாவுடையது. தம்பி பிறந்த கையோடு ஆபரேஷன். வேறு வழி உண்டா என்று அம்மா கேட்கவில்லை. இருக்கிறது என்று சொன்னவரும் இல்லை. தமிழ்நாட்டில் இன்றும் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை என்றால் இந்த ஆபரேஷன்தான். ஆண்கள் செய்துகொள்வது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா மேசை டிராயரிலிருந்து ஒரு காப்பர் டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை பிளாஸ்டிக், மூன்றரை சென்டிமீட்டர் உயரம்தான். தண்டில் முடியளவு மெல்லிய தாமிரக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. இரண்டு கைகளிலும் சின்னத் தாமிரக் குழல். அடியில் இரண்டு நூல். 380ஏ என்ற பெயரில் வரும் எண், தாமிரப் பரப்பின் சதுர மில்லிமீட்டர் கணக்கு. அந்தத் தாமிரம் விந்தணுவை முடக்கிவிடுகிறது. அது முட்டையைச் சேருவதில்லை. கருவைக் கலைப்பது அல்ல இதன் வேலை. பத்து வருடம் தாங்கும். கருப்பையின் உட்குழிவை விட்டு நெஞ்சுக்கு ஏற வழி கிடையாது. எப்போதாவது கருப்பைச் சுவரைத் துளைப்பதோ, நழுவி வெளியே வருவதோ உண்டு. அதற்காகத்தான் போட்ட சில வாரத்தில் ஒருதரம் வரச் சொல்கிறார்கள், நூல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

அப்பத்தாவுக்கு இப்படி ஒருவர் கையில் வைத்துக் காட்டியிருந்தால்?

கேட்காமல் போடுவது அப்பத்தா காலத்தோடு போய்விடவும் இல்லை. தம்பி மனைவிக்குப் பிரசவம் ஆகி மாதங்கள் கழித்து, அடிவயிறு வலிக்கிறதென்று ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே காப்பர் டி இருப்பது அவளுக்கே தெரிந்தது. பிரசவ அறையிலேயே போட்டிருக்கிறார்கள். போய்க் கேட்டதற்கு, "உன் நல்லதுக்குத்தாம்மா போட்டோம்" என்று பதில். பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் போடுவது நல்ல முறைதான். மறுபடி அலைய வேண்டாம். ஆனால் அவள் உடம்புக்குள் ஒன்றை வைக்க அவளைக் கேட்கவில்லை. அழுதுகொண்டே எடுக்கச் சொன்னாள். இனி யார் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாள். ஜீப்பு நின்றுவிட்டது, ஜீப்பில் வந்த மனசு நிற்கவில்லை.

எனக்குள்ள கவலை ரத்தம். காப்பர் டி போட்ட முதல் சில மாதங்கள் தீட்டு அதிகமாகும், வலியும் கூடும். நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் பார்க்காமல் போடச் சொல்வது நியாயமில்லை. மிரீனா என்ற ஹார்மோன் உள்ள சாதனம் என்றால் தீட்டு குறையும், சிலருக்கு நின்றே போகும். ஆனால் விலை ஆயிரக்கணக்கில். காப்பர் டி அரசு மருத்துவமனையில் இலவசம். இலவசமாகக் கிடைப்பதைத்தான் ஏழைப்பெண் ஏற்க வேண்டும் என்றால், அவள் எதைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்வது?

டாக்டரம்மாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? "எப்ப வந்து சொன்னாலும் எடுத்துடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிக்கொண்டேன். முடிவு சரியாக இருந்தால் போட்டுக்கொள்வேன்.

இந்தச் சாதனத்தை நம்ப எனக்குத் தாமிரத்தின் கணக்கு போதவில்லை. அந்த ஒரு வாக்கு தேவைப்பட்டது. பிரசவ வார்டில் படுத்திருக்கும் ஒவ்வொருத்திக்கும், வலி வருவதற்கு முன்பே, அவள் பேச்சில், அவள் முகம் பார்த்து அதைச் சொல்லியாக வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.